தோற்கத் தெரியாத சோதனை

அத்தியாயம் 14

சென்ற வாரம் இவளைத் திட்டி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். 'கட்டின புருஷன் வேறு ஊரில் கிடக்கிறான், இவளுக்கு என்ன அப்படியொரு வீம்பு?' என்று ஒரு வாசகி. 'அவன் மட்டும் யோக்கியமா?' என்று இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதுதான் இந்த வீட்டின் தொல்லையே.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. கணவனும் மனைவியும் ஒரே தொழில். கம்ப்யூட்டரில் மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, கெர்னல், அதில்தான் வேலை. அவன் எழுதுகிறவன். அவள், உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் எழுதி அனுப்புவதைப் படித்துப் பார்த்து, சேர்க்கலாம், கூடாது என்று சொல்கிறவள். ஒரு சிப் கம்பெனி அவனைத் தூரத்து ஊருக்குக் கூப்பிட்டது. இவளை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்து, "நீயும் வேணும்னா வா" என்றான். அந்த 'வேணும்னா' இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுடைய அம்மா மட்டும் மருமகளோடு தங்கிவிட்டார்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மாவுக்குப் போன் செய்வான். மாமியார் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைப்பார். இவள் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பாள்.

போன ஞாயிறு அந்த ஸ்பீக்கரில் வந்த செய்திதான் இப்போது வீட்டைக் கலக்கிக்கொண்டிருக்கிறது. "அம்மா, நான் எழுதின டெஸ்ட் எல்லாம் இந்தத் தடவை கெர்னல்ல சேர்ந்துட்டா இங்க என் வேலை முடிஞ்சுது. ஊருக்குத் திரும்பிடலாம்னு சொல்லிட்டாங்க. சேரலைன்னா இன்னும் ஒரு வருஷம் இழுத்துடுவாங்க."

புதியவற்றைச் சேர்க்கிற வாசல் இன்று மாலையோடு அடைபடுகிறது. அந்த டெஸ்ட்டுகளைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டியவர்களில் இவளும் ஒருத்தி.

காலையில் எழுந்து வந்தபோதே பால்கனி வெயிலில் அவனுடைய தலையணை காய்ந்துகொண்டிருந்தது.

"வரப்போறார்னு யாரு அத்தை சொன்னா?"

"யாரும் சொல்லலை. தலையணைக்கு வெயில் பட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது." மாமியார் அதைத் திருப்பிப் போட்டுத் தட்டினார். "நீ அதைப் பார்த்து முடிச்சுட்டியா?"

"இன்னிக்குத்தான் பார்க்கணும்."

"என் பையன் எழுதினதுல பார்க்க என்ன இருக்கு? சரின்னு ஒரு வார்த்தை தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது அத்தை. பார்க்கத்தான் நேரம் ஆகும்."

"ரொம்பத்தான் பார்க்கறே" என்று முணுமுணுத்துவிட்டு மாமியார் உள்ளே போனார். கோபம் இல்லை. பையன் வரப்போகிற சந்தோஷத்தில் யாரையாவது கடிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். மேசையில் மடிக்கணினி. அதன் பக்கத்தில் கவசம் எதுவும் இல்லாமல் பச்சைப் பலகையாக ஒரு போர்டு, அதன் மேல் சின்ன விசிறி ஒன்று ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அவன் கம்பெனியின் புதுச் சிப் அதில்தான் இருக்கிறது. சோதித்துப் பார்ப்பவர்களுக்கு என்று அனுப்பிவைத்தார்கள். வந்த அட்டைப்பெட்டி இன்னும் மேசைக்கடியில் கிடக்கிறது. வாரம் ஒருமுறை மாமியார் அதைக் குப்பையில் போட எடுப்பார், இவள் வாங்கி மறுபடி உள்ளே தள்ளிவிடுவாள்.

காரணம் இதுதான். பெட்டியை ஒட்டியிருந்த டேப்பின் முனை உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. பிரிப்பவர்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவன் எப்போதும் அப்படித்தான் மடித்துவிடுவான். கம்பெனியில் பொட்டலம் கட்ட ஆள் இருந்தும் அவனே உட்கார்ந்து கட்டியிருக்கிறான். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்குமா என்று அவள் பஞ்சுவரைக்கும் பிரித்துப் பார்த்தாள். இல்லை. அன்றைக்கு அவளுக்கு அழுகையாக வந்தது.

அதற்குப் பிறகு அவன் எழுதி அனுப்புகிற டெஸ்ட்டுகள்தான் கடுதாசி. எல்லோரும் பார்க்கிற மடல் குழுவில் வந்து விழும். ஊர் உலகமே படிக்கலாம். ஆனால் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் அவன் எங்கே யோசித்தான், எங்கே அலுத்துப்போய் எழுந்து போய் காபி குடித்துவிட்டு வந்தான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாம் முறை அனுப்பியபோது அதில் குறை சொல்ல எதுவுமே இல்லை. 'இந்த ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் தேவலை' என்று இவள் சும்மாவாச்சும் எழுதிப் போட்டாள். நிரலின் அந்தத் துண்டுக்கு வைத்த பெயரில் ஒரு குறையும் இல்லை. அவன் பதில் எழுத வேண்டுமே, அதற்குத்தான். 'ஏற்றுக்கொள்கிறேன், நன்றி' என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தது. அதை அவள் எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

இந்த டெஸ்ட்டுகள் எதற்கு என்று மாமியாருக்கு ஒருமுறை பாலை வைத்து விளக்கியிருந்தாள். வீட்டில் இரண்டு பேர். இருவரும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கிறார்கள், பால் இல்லை. ஆளுக்கொரு பக்கம் போய் வாங்கி வந்துவிடுகிறார்கள். வீண். ஒருவர் பார்த்து, வாங்கி, உள்ளே வைக்கிறவரை மற்றவர் ஃபிரிட்ஜைத் தொடவே முடியாது என்று ஆக்கிவிட்டால் இந்தக் கூத்து இல்லை. சிப்புக்குள்ளும் அப்படித்தான். கோர் என்று சொல்கிற குட்டி மூளைகள் பல இருக்கின்றன, எல்லாம் ஒரே நினைவகத்தில் கை வைக்கின்றன. எடுப்பது, மாற்றுவது, வைப்பது மூன்றையும் நடுவில் யாரும் புகாமல் ஒரே மூச்சில் செய்கிற கட்டளைகளுக்கு அட்டாமிக் கட்டளைகள் என்று பெயர். புதுச் சிப்பில் அவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கண்டுபிடிப்பதுதான் அவன் டெஸ்ட்டின் வேலை.

போர்டில் ஓடவிட்டாள். பாஸ். இன்னொரு முறை. பாஸ். பால்கனியில் காய்கிற தலையணை ஞாபகம் வந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தொழிலில் அவளுக்குச் 'சல்லடை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, சும்மா வரவில்லை. புகை வந்தால் அலறுகிற மணி ஒன்றை வாங்கி மாட்டினால், அதன் கீழே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அலறவைத்துப் பார்க்காமல் அவள் நம்ப மாட்டாள். எந்த டெஸ்ட் வந்தாலும், அது சோதிக்கிற விஷயத்தை வேண்டுமென்றே கெடுத்து வைப்பாள். டெஸ்ட் தோற்றால்தான் நல்ல டெஸ்ட்.

அன்றும் கெடுத்தாள். அட்டாமிக் கட்டளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரணக் கூட்டலை வைத்தாள். டெஸ்ட்டுக்குள் ஒரே எண்ணை மாற்றுகிற இரண்டு வேலையாட்கள் உண்டு, இழைகள் என்பார்கள். இனி இரண்டும் அந்த எண்ணில் முட்டி மோதிக்கொள்ள வேண்டும், கணக்கு உதைக்க வேண்டும், டெஸ்ட் தோற்க வேண்டும்.

பாஸ் என்று வந்தது.

தான்தான் எதையோ மறந்துவிட்டோம் என்று நினைத்து முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் பாஸ். தோற்றுத் தொலையேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அது தோற்பதாக இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. இரண்டு வேலையாட்களையும் ஒரே கோரில் கட்டிப்போடுகிற வரி ஒன்று உள்ளே இருந்தது. ஒன்று தன் வேலையை முடித்த பிறகுதான் மற்றது ஆரம்பிக்கிறது. அப்புறம் எங்கே முட்டிக்கொள்வது? எப்படி வந்தது அந்த வரி என்பதும் அவளுக்குப் புரிந்தது. அவனிடம் ஆரம்பத்தில் இருந்த மாதிரிச் சிப்பில் ஒரே ஒரு கோர்தான் உயிரோடு இருந்ததாம், ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறாள். அதற்காக எழுதியதை எடுக்க மறந்திருக்கிறான்.

திருத்துவது பெரிய காரியம் இல்லை. ஆனால் எதைத் திருத்தி அனுப்பினாலும் எல்லோர் பார்வைக்கும் ஒரு வாரமாவது கிடக்க வேண்டும் என்பது குழுவின் முறை. வாசலோ மாலையில் அடைபடுகிறது.

அவள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றாள். கீழே தெருவில் யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன் வந்தது. கூட வேலை பார்க்கிற பச்சைக்கொடி. எதைக் கொடுத்தாலும் 'சரி' போட்டு அனுப்புகிற நல்ல மனிதர், அதனால் அந்தப் பெயர்.

"மேடம், சாரோட டெஸ்ட்டுக்கு நான் சரின்னு போட்டுட்டேன். நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். வீட்டுக்காரருக்கு வீட்டுக்காரியே எழுதினாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு எதுக்கு? யாரும் எதுவும் சொல்லலைன்னா சாயங்காலம் தானா சேர்ந்துடும்."

"நீங்க ஓட்டிப் பார்த்தீங்களா?"

"ஓட்டாம இருப்பேனா? எல்லாம் பாஸ்."

"கெடுத்துப் பார்த்தீங்களா?"

"பாஸ் ஆகறதை எதுக்கு மேடம் கெடுக்கணும்?" என்று சிரித்தார். "சார் வரப்போறாராமே. சந்தோஷம்."

அவளுக்கும் சிரிப்பு வந்த மாதிரிதான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் கண் கரித்தது.

பாருங்கள், அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. சரி என்று எழுதக்கூட வேண்டியதில்லை. சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், புருஷன் வீடு வந்து சேர்வான். இதைவிட சுலபமான காரியம் உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்?

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் அவள் முகத்தையே பார்த்தார்.

"என்ன, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

"ஒண்ணுமில்லை அத்தை."

"ஒண்ணுமில்லைன்னா சாப்பாட்டை ஏன் அளைஞ்சுக்கிட்டு இருக்கே?"

மறைக்கத் தெம்பு இல்லை. சொல்லிவிட்டாள். "அந்த ஃபிரிட்ஜ் கதை சொன்னேனே. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல அனுப்பினாத்தானே முட்டிக்கறாங்களான்னு தெரியும்? இவர் டெஸ்ட்ல ஒருத்தர் போயிட்டு வந்து உக்கார்ந்த அப்புறம்தான் அடுத்தவர் கிளம்பறார்."

"அப்போ சண்டையே வராதே."

"வராது. அதான் எப்பவும் பாஸ்."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "இதனால இப்போ யாருக்காவது ஏதாவது ஆயிடுமா?"

"இப்போ ஆகாது. நாளைக்கு அந்தச் சிப்புல நிஜமாவே தப்பு வந்தா, இந்த டெஸ்ட் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லும். எல்லாரும் நம்பிடுவாங்க."

"நாளைக்கு வந்தாத்தானே?" மாமியார் குரல் இறங்கிவிட்டது. "அவன் வந்து ஒரு மாசம் கழிச்சு நீயே சொல்லித் திருத்தக் கூடாதா? உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்ம்மா. பேசாம இருந்துடு. அவன் குரலை டப்பாவுல கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு."

அவளுக்கு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் அப்படித்தான் அத்தை, ராத்திரி கட்டிலில் அந்தப் பக்கம் கை போனால் திக்கென்று இருக்கிறது, என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. மாமியாரிடம் போய் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அறையில் மடிக்கணினியை மூடி வைத்தாள். திறந்தாள். மறுபடி மூடினாள். இவள் இதை எழுதினால் அவன் என்ன நினைப்பான்? வரவேண்டாம் என்று சொல்கிறாள் என்றுதானே நினைப்பான்? எதிரி எழுதினால்கூட தொழில் என்று எடுத்துக்கொள்வான். பெண்டாட்டி எழுதினால்?

அவனிடம் இவளுக்கு முதன்முதலில் பிடித்துப்போனதே ஒரு தப்பினால்தான். கல்யாணத்துக்கு முந்தைய காலம். யாருமே கவனிக்காத ஒரு பிழையை, 'இது என் தவறு, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்' என்று அவனே குழுவில் அத்தனை பேருக்கும் முன்னால் எழுதியிருந்தான். யார் இந்த ஆள் என்று தேடிக்கொண்டு போனவள்தான் இவள். அப்படிப்பட்டவனைத் தப்பான ஒரு டெஸ்ட்டின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினால், வந்த பிறகு அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியுமா? முடியாது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் கை எழவில்லை.

கடைசியில், வெயில் எதிர்வீட்டுச் சுவருக்கு ஏறிய நேரத்தில் எழுதினாள். அட்டாமிக் கட்டளையை நீக்கிய பிறகும் டெஸ்ட் வெற்றி பெறுகிறது. இரண்டு இழைகளும் ஒரே கோரில் ஓடுவதே காரணம். இந்த நிலையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான் மடல். அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதினாள், அழித்தாள். அது குழுவில் போடுகிற வரி இல்லை.

அனுப்பிவிட்டு வெளியே வந்தாள். மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அனுப்பிட்டேன் அத்தை."

மாமியார் எழுந்து பால்கனிக்குப் போனார். தலையணையை எடுத்து வந்து, அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் உள்ளே தள்ளி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தி இறங்கிவிட்டது. அப்போது போன் அடித்தது. மாமியாரின் போன் இல்லை, அவளுடையது. திரையில் அவன் பெயரைப் பார்த்ததும் எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லு" என்றாள். மாமியார் எதிரில் அவனை ஒருமையில் பேசிவிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"மெயில் பார்த்தேன்." அதே குரல். ஸ்பீக்கர் வழியாக இல்லாமல் காதுக்குள்ளேயே. "சரியாத்தான் எழுதியிருக்கே."

"கோபமா?"

"இல்லை. எனக்கு நேத்தே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லா கோரும் ஓடற போர்டை எல்லாம் முதல்ல உங்களுக்குத்தான் அனுப்பினாங்க, எனக்கு நேத்துத்தான் ஒண்ணு வந்துது. உன்னை மாதிரியே கெடுத்துப் பார்த்தேன். பாஸ்னு வந்து நின்னுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொன்னா வர முடியாதே."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். தன் தப்பைத் தானே ஊருக்குச் சொல்கிறவன். ஒரு முழு நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இந்த வீட்டுக்கு வருவதற்காக. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நானும் சும்மா இருந்துடலாம்னுதான் பார்த்தேன்" என்றாள். "முடியலைடா."

"தெரியும். இதை நீ பார்க்கக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். நீ பார்க்காம விட்டிருந்தா அதுவும் எனக்குப் பிடிச்சிருக்காது. பைத்தியக்காரத்தனமா இருக்கு இல்லை?"

"இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"மேலாளர் கூப்பிட்டிருக்கார்" என்றான் அவன். "இன்னும் ஒரு வருஷம் இருக்கீங்களான்னு கேக்கப் போறார். அவர் ரூம் வாசல்லதான் நிக்கறேன்."

"என்ன சொல்லப் போறே?"

"டெஸ்ட்டை இப்படியே போட்டுட்டு வர முடியாது."

"இங்க உக்கார்ந்து திருத்து. விட மாட்டேன்னு சொன்னாங்கன்னா வேலையை விட்டுட்டு வா. என்னால இப்படி இருக்க முடியலை. நீ வந்துடு."

இத்தனை மாதமாக வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது, ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. "உள்ள வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"வெச்சுடாதே" என்றான் அவன். "லைன்ல இரு."

நாற்காலி இழுபடுகிற சத்தம். மாமியார் ஓடி வந்து அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, தன் காதையும் போனில் வைத்தார். இரண்டு பெண்களின் தலையும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன.

"உக்காருங்க" என்றார் மேலாளர். "டெஸ்ட் தள்ளிப்போச்சு, பார்த்தேன். பரவாயில்லை, தெரியாம நடந்த தப்பு, எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த தடவை சேர்த்துக்கலாம். ஒரு வருஷத்துக்கு நீட்டிச்சுடட்டுமா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார்." அவன் குரல் தெளிவாக இருந்தது. "அந்தத் தப்பு எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்."

மாமியாரின் விரல்கள் மருமகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தன.